முகவரி இல்லாத வீட்டின் குழந்தை

வணக்கம்.
ஐரோப்பாவில் ரோமா (ஜிப்சி) மக்கள் மற்றவர்களைவிடப் பத்தாண்டு முன்பே இறந்துவிடுகிறார்கள் என்று படித்தேன். இந்தியாவிலிருந்து போனவர்களாயிற்றே என்று மனம் கனத்தது. இது மரபணுக் கோளாறா? அல்லது ஆஸ்பத்திரிக்குப் போகாத, தடுப்பூசி போடாத அவர்களுடைய பழக்கவழக்கமா?
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

மனம் கனத்தது என்கிறீர்கள், உங்களுக்கு நல்ல மனம். அதே மனம் இரண்டு வரி தள்ளி ‘பழக்கவழக்கம்’ என்று எழுதியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2021இல் எடுத்த கணக்கின்படி, ஆயுள் இடைவெளி பெண்களுக்கு 11 ஆண்டு, ஆண்களுக்கு 9 ஆண்டு. மரபணுவை விடுங்கள். ஸ்லோவாகிய ரோமாக்களிடம் பிறவிக் கண்ணழுத்த நோய் அதிகம்தான். அதனால் ஒரு சமூகமே 11 ஆண்டு இழக்காது. பூர்வீகத்தையும் விடுங்கள். தண்ணீரை அவர்கள் இன்றும் ‘பானி’ என்கிறார்கள். அவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமானோரின் வீட்டுக்குள் அந்தப் பானி வருவதில்லை என்பதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

தடுப்பூசிக்கு வருகிறேன். 2009 முதல் 2011 வரை பல்கேரியாவில் தட்டம்மை 24,000 பேருக்கு மேல் பரவியது. 24 பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ரோமா. தட்டம்மை நிற்க நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு தவணையும் சேர வேண்டும். அங்கே முதல் தவணை 13ஆம் மாதம், அடுத்தது 12 வயதில். ஊசி இலவசம். பிறகு ஏன் போய்ச் சேரவில்லை?

ஊசி போடுபவர் குடும்ப மருத்துவர். அவர் பட்டியலில் குழந்தையின் பெயர் ஏற வேண்டும். அதற்குப் பெற்றோரின் அடையாள அட்டை, அட்டைக்கு முகவரி, முகவரிக்கு வீட்டுப் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ வேண்டும். பட்டா இல்லாத நிலத்தில் தாத்தா காலத்தில் எழுப்பிய வீட்டுக்கு எந்தப் பத்திரத்தைக் காட்டுவது? குழந்தைக்காவது 18 வயதுவரை மருத்துவக் காப்பீட்டுத் தொகையை அரசு கட்டுகிறது. வேலையற்ற தாய் மாதாமாதம் தானே கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் தவறினால் காப்பீட்டு உரிமை நின்றுவிடும். மீட்க வேண்டுமானால் கடந்த 60 மாத நிலுவையையும் தீர்க்க வேண்டும். மாத்திரைக்கே காசில்லாதவள் எதை விற்றுக் கட்டுவாள்? வலி முற்றி ஆம்புலன்ஸில் ஏறும் நாளில்தான் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் முதன்முறையாகத் தெரியவருகின்றன. இதற்குப் பெயர் பழக்கமா, எஸ்.?

ருமேனியா 2002இல் ரோமா சுகாதார இணைப்பாளர்களை அரசுப் பணிக்குள் எடுத்தது. பெரும்பாலும் அதே குடியிருப்பின் பெண்கள். எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்குத் தவணை விட்டுப்போயிற்று என்று குறித்து, காகிதம் சேர்த்து, தாயோடு மருத்துவரிடம் போய் நிற்பார்கள். அப்படி ஒருத்தி கூட வந்தால் அந்தத் தாய்களும் போகிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பயப்படுகிறார்கள் என்றால் அதற்கும் காரணம் உண்டு. ஸ்லோவாகியாவில் 2000இல் பிரசவ வலியில் இருந்த ஒரு ரோமா பெண்ணிடம், இன்னொரு குழந்தை பெற்றால் நீயோ குழந்தையோ பிழைக்க மாட்டீர்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி நிரந்தரக் கருத்தடை செய்தார்கள். அவர் பக்கம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011இல். செக் நாடு 2021இல் சட்டம் இயற்றி, இப்படிப் பாதிக்கப்பட்டவருக்கு 3 லட்சம் கொருனா (செக் நாணயம்) இழப்பீடு என்றது. விண்ணப்பித்த பல பெண்களிடம் மருத்துவப் பதிவேடு கேட்டார்கள். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததென்று ஆஸ்பத்திரிகள் அவற்றை எப்போதோ அழித்திருந்தன.