டர்பனிலிருந்து குழந்தைகளோடு பயணம்: ஒரு கார்டில் நான்கு பேரும் லவுஞ்சுக்குள் போகலாமா?

டர்பனிலிருந்து துபாய் வழியாகச் சென்னை போகிறீர்கள், கணவன் மனைவி, ஒன்றரை வயதுப் பாப்பா, ஐந்து வயதுப் பையன், கையில் லவுஞ்சுச் சலுகை உள்ள ஒரே ஒரு பேங்க் கார்டு, இதுதானே கேள்வி? நான்கு பேரையும் விமான நிலைய லவுஞ்சுக்குள், அதாவது வசதியான தனிக் காத்திருப்பு அறைக்குள், இலவசமாக விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பாப்பாவால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, இரண்டு வயதுக்குக் கீழே என்றால் பல லவுஞ்சுகளில் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சிக்கல் பையன்தான். ஐந்து வயது என்றாலும் அவன் ஒரு விருந்தினர், சில இடங்களில் பாதிக் கட்டணம், பல இடங்களில் பெரியவருக்கான முழுக் கட்டணமே, அதுவும் அந்த இடத்திலேயே கேட்காமல் பிறகு கார்டில் பிடித்துக்கொள்வார்கள். கார்டு ஒருவரை மட்டும் உடன் அழைத்துப்போக விட்டால் அந்த இடம் உங்கள் மனைவிக்கே போய்விடும், அதனால் அவருக்கும் துணைக் கார்டு கிடைக்குமா என்று பேங்கில் இப்போதே கேளுங்கள்.

பிரையாரிட்டி பாஸ் மாதிரி, பல விமான நிலைய லவுஞ்சுகளில் நுழைய உதவும் உறுப்பினர் அட்டை என்றால் வயது விதி லவுஞ்சுக்கு லவுஞ்சு மாறும், ஆகவே டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்துக்கு ஒரு தடவை, துபாய்க்கு ஒரு தடவை எனத் தனித்தனியாக அந்த அட்டையின் ஆப்பில் பாருங்கள். பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டும் பொதுவாக அந்தப் பயணிக்கு மட்டும்தான், எகானமியில் வரும் குடும்பத்துக்கு இல்லை.

அப்புறம், மடியில் உட்காரும் பாப்பாவுக்கும் போர்டிங் பாஸ் வாங்கி வைத்திருங்கள், வாசலில் கேட்பார்கள். கூட்டம் அதிகமானால் கார்டுக்காரர்களைத்தான் முதலில் நிறுத்துவார்கள். துபாயில் இரண்டு மணி நேரம்தான் இடைவெளி என்றால், பையனுக்குக் காசு கட்டுவது என்னைக் கேட்டால் வீண்.