ஊட்டிக் குளிருக்கு ஒரு பெக் போட்டால் உடம்பு சூடாகுமா? பழக்கமாகிவிடுமா?

ஹாஸ்டலில் எல்லோரும் சொல்வதால் கேட்கிறீர்கள், சரி. ஆனால் அந்தச் சூடே பொய். மது தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடான ரத்தம் மேலே வருவதால் முகம் கதகதக்கும், காதுமடல் சிவக்கும். அந்தச் சூடு அப்படியே வெளியேறி உடம்பின் உள்வெப்பம் இறங்கிவிடும். ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் ராத்திரியில் போதையோடு வெளியே படுத்தால் உயிருக்கே ஆபத்து.

பழக்கமா? மார்ச்சில் குளிர் போய்விடும், பெக் போகாது. ஒன்றில் வந்த போதைக்கு இரண்டு கேட்டால் மூளை பழகிவிட்டது என்று அர்த்தம். காலையில் டீ டம்ளர் பிடிக்கும் கை நடுங்குகிறதா? திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். கூச்சமாக இருந்தால் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் போடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.