நாக்கு-காடி பலகை: வீட்டுக்கு எத்தனை வாங்குவது?

கிருஷ்ணகிரியில் மரவேலை செய்து வருகிறேன். ஒரு விளிம்பில் நாக்கு நீட்டியிருக்கும், மறு விளிம்பில் காடி, அதாவது நீளப் பள்ளம், ஓடியிருக்கும், ஒன்றை ஒன்றில் தட்டிப் பொருத்துகிற பலகை பற்றித்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். சுவருக்கு, சீலிங்குக்கு, பரணுக்கு, கதவுக்கு என்று கேள்வி எதுவானாலும் கடைசியில் எத்தனை பலகை வாங்குவது என்பதில்தான் வந்து நிற்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இன்ச், அடி, நூல் கணக்கில்தான் சொல்லியிருக்கிறேன். ஒரு இன்ச்சுக்கு 8 நூல்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: அண்ணா, ஹால் சுவர் 12 அடி நீளம். தரையிலிருந்து 4 அடி உயரத்துக்குப் பலகையை நட்டுவாக்கில் அடிக்கப் போகிறோம். மொத்தம் 48 சதுர அடி. 4 இன்ச் அகலம், 8 அடி நீளப் பலகை 18 வாங்கினால் சரியாக வருகிறது. வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள் தம்பி, 3 பலகை குறையும்.

4 இன்ச் என்பது மில்லில் அறுத்த அளவு. இழைத்தால் ஒரு நூல் போய்விடும். மிச்சம் இருப்பதில் 3 நூல் நாக்கு. அந்த நாக்கு பக்கத்துப் பலகையின் காடிக்குள் போய் மறைந்துவிடும், சுவரை மூடாது. ஆக, 4 இன்ச் பலகை சுவரில் மூடுவது மூன்றரை இன்ச்தான். இதை நான் 'மூடும் அகலம்' என்று சொல்வேன். சதுர அடியை மறந்துவிட்டு இந்த அகலத்தில் வரிசையை எண்ணுங்கள்.

12 அடி என்றால் 144 இன்ச். மூன்றரையால் வகுத்தால் 41.14. அதாவது 42 துண்டு, ஒவ்வொன்றும் 4 அடி. 8 அடிப் பலகையில் இரண்டு துண்டு வரும். 21 பலகை. ரம்பம் தின்கிற ஒரு நூலைக் கீழே ஸ்கர்ட்டிங், அதாவது சுவர் அடியில் தரையோடு ஓடும் பட்டி, மறைத்துவிடும். முடிச்சு, வெடிப்பு, தப்பாக வெட்டியது எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னும் 2 போட்டு 23 வாங்குங்கள்.

இன்னொன்று. 41 முழுப் பலகை அடித்துக்கொண்டே போனால் கடைசியில் அரை இன்ச் கீற்று ஒன்று மிஞ்சும். அது ஆணியும் தாங்காது, பார்க்கவும் நன்றாக இருக்காது. நடுவில் 40 முழுப் பலகை, இரண்டு ஓரத்திலும் 2 இன்ச்சுக்கு அறுத்த பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 42 துண்டுதான், சுவர் இரு பக்கமும் ஒரே மாதிரி நிற்கும்.

அதே தம்பி மறுபடியும்: கடையில் 10 அடிப் பலகைதான் இருக்கிறது என்கிறார்கள். பரவாயில்லையா?

10 அடியில் 4 அடித் துண்டு இரண்டுதான் வரும், 2 அடி வீண். 168 அடி வாங்க வேண்டிய இடத்தில் 210 அடி வாங்குவீர்கள். உயரத்தை 4 அடியிலிருந்து 3 அடி 4 இன்ச்சுக்குக் குறைக்க வீட்டில் சம்மதித்தால், ஒரு பலகையில் மூன்று துண்டு வரும். 14 பலகை, 140 அடியோடு வேலை முடிந்துவிடும். பலகை நீளத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் உயரத்தை முடிவு செய்வது நல்ல பழக்கம்.

பர்கூரிலிருந்து: எல்லோரும் 10 சதவீதம் சேதாரம் போடச் சொல்கிறார்கள். குறைந்தால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாமே?

இந்த நினைப்பில் நான் ஒரு தடவை நன்றாக அனுபவப்பட்டேன். ஒரு வீட்டு சீலிங்குக்கு 11 பலகை குறைந்தது. ஒரு மாதம் கழித்து அதே மரத்தில், அதே மில்லில்தான் காடி ஓட்டி வாங்கினேன். ஆனால் அதற்குள் கத்தியைச் சாணை பிடித்திருந்தார்கள். புது நாக்கு பழைய காடியைவிட அரை நூல் தடிப்பு. 11 பலகையின் நாக்கையும் உட்கார்ந்து கையால் இழைத்துச் சேர்த்தேன். அப்படியும் அந்த இடத்தில் நிறம் தனியாகத் தெரிகிறது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கண் மேலே போகிறது.

அதனால் ஒரே தடவையில், ஒரே ஓட்டில், அதாவது மில்லில் ஒன்றாகக் காடி ஓட்டியதில் வாங்குங்கள். நேராக அடிப்பதற்கு 10 சதவீதம். சாய்வாக, 45 டிகிரியில் அடிப்பதற்கு 15. இந்தச் சதவீதத்தை வரிசை எண்ணி வந்த கணக்கின் மேல் போட வேண்டும். வெறும் சதுர அடியின் மேல் போட்டால் அந்த 10 சதவீதத்தை நாக்கே தின்றுவிடும். சேதாரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஓசூரிலிருந்து: மாடியில் தகரக் கூரை போட்ட அறை, 10 அடிக்கு 14 அடி. கீழே பைன் பலகையில் சீலிங் அடிக்க வேண்டும். பலகையை எந்தப் பக்கம் ஓட்டுவது?

இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்ப்போம் சார். மூடும் அகலம் மூன்றரை இன்ச் என்றே வைத்துக்கொள்கிறேன்.

14 அடி வாக்கில் ஓட்டினால், 10 அடியை, அதாவது 120 இன்ச்சை மூட 35 வரிசை. 35 x 14 = 490 அடி. 14 அடிப் பலகை கிடைப்பது சிரமம். ஒவ்வொரு வரிசையிலும் ஒட்டு வரும், ஒட்டை ரீப்பர், அதாவது பலகையை ஆணியடிக்கும் குறுக்குச் சட்டம், அதன் மேலேதான் முடிக்க வேண்டும், அதற்காக வெட்டுவதில் துண்டு வீணாகும். 540 அடியாவது வேண்டும்.

10 அடி வாக்கில் ஓட்டினால், 168 இன்ச்சுக்குச் சரியாக 48 வரிசை. 10 அடிப் பலகை 48, ஒட்டே கிடையாது. கூட 5 சேர்த்தால் 53 பலகை, 530 அடி. உங்கள் அறைக்கு இதுதான் சரி.

பலகை 10 அடி வாக்கில் ஓடுவதால் ரீப்பர் குறுக்கே 14 அடி வாக்கில் ஓட வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்று என்றால் 8 வரிசை, 112 அடி ரீப்பர். நிறையப் பேர் பலகையை மட்டும் எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். ரீப்பர், ஓரத்துக்கு 48 அடி பட்டி, ஆணி எல்லாம் அதே சீட்டில் இருக்கட்டும். ஆணியை நாக்கின் மேல் சாய்வாக அடித்தால் அடுத்த பலகையின் காடி அதை மூடிவிடும். முகத்தில் ஆணித் தலை தெரியாது.

தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் காற்று போக வழி விடுங்கள். பலகை சூட்டில் காய்ந்து வளைவது அதனால் குறையும்.

தர்மபுரியிலிருந்து: போன ஐப்பசியில் பலகை வாங்கி உடனே அடித்தோம். சித்திரையில் எல்லா இணைப்பிலும் கோடு கோடாக இடைவெளி. பலகை சரியில்லையா, ஆசாரி சரியில்லையா?

இரண்டு பேர் மேலும் தப்பு இல்லாமல் இருக்கலாம் அக்கா. மரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து அகலும், வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது, அகலவாக்கில்தான் அசையும். மரத்தின் ஈரம் 4 சதவீதம் குறைந்தால் பைன் பலகை அகலத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். மூன்றரை இன்ச்சில் அது கால் நூலுக்குக் கொஞ்சம்தான் மேல். ஆனால் 40 பலகையில் சேர்த்தால் ஒன்றரை இன்ச்சுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த அசைவை இடம் கொடுத்துத் தாங்கத்தான் நாக்கும் காடியும் இருக்கின்றன. கோடு தெரிந்தாலும் நாக்கு காடியை விட்டு வெளியே வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். இடைவெளியை மக்கு (அடைக்கும் பசை) போட்டு அடைக்காதீர்கள், அடுத்த மழையில் பலகை அகல இடமில்லாமல் தூக்கிக்கொள்ளும்.

இனி வாங்கும்போது, அடிக்கப் போகிற அறையிலேயே இரண்டு வாரம் அடுக்கி வையுங்கள். பலகைக்குப் பலகை நடுவில் குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். அதற்கு அப்புறம் 10 பலகையை ஆணி இல்லாமல் தரையில் பொருத்தி, கடைசி நாக்கை விட்டுவிட்டு மொத்த அகலத்தை அளந்து 10-ஆல் வகுங்கள். அதுதான் உங்கள் பலகையின் உண்மையான மூடும் அகலம். கடைக்காரர் சொல்வதையோ நான் இங்கே எழுதும் மூன்றரையையோ நம்ப வேண்டாம். இதற்காகவே முதலில் 10 பலகை மட்டும் கேட்டு வாங்கி அளந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மீதியை அதே ஓட்டில் எடுத்து வைக்கக் கடைக்காரர் ஒத்துக்கொண்டால் நல்ல வழிதான்.

ஊத்தங்கரையிலிருந்து: 6 இன்ச் பலகை வாங்கினால் மிச்சமா?

மரத்தில் மிச்சம்தான். அகலம் எதுவானாலும் போவது அதே அரை இன்ச். 4 இன்ச்சில் அது எட்டில் ஒரு பங்கு, 6 இன்ச்சில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆனால் அகலப் பலகை கூடுதலாகச் சுருங்கும், குழிந்து வளையவும் செய்யும். உங்கள் பக்கத்து வெயிலுக்கு நான் 4 இன்ச்தான் போடுவேன்.

பாலக்கோட்டிலிருந்து: மில்லில் கன அடிக் கணக்கில் விலை சொல்கிறார்கள். பலகைக் கணக்கை எப்படி மாற்றுவது?

நீளம் அடியில், அகலமும் கனமும் இன்ச்சில் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். முதல் கேள்வியில் வந்த 21 பலகையையே எடுத்துக்கொள்வோம். 168 அடி, 4 இன்ச், 1 இன்ச். 168 x 4 x 1 / 144 = 4.67 கன அடி. அறுத்த அளவுக்குத்தான் மில்லில் காசு. இழைத்து முடித்த மூன்றே முக்கால் சொச்சம் அகலம், முக்கால் இன்ச் கனத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 3.4 கன அடிதான் வரும். பணம் கட்டும் இடத்தில் தூக்கிப் போடும். இழைப்புக் கூலி, காடி ஓட்டும் கூலி தனி. அதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

போச்சம்பள்ளியிலிருந்து: காற்றில் எங்கள் தோப்பு மாமரம் ஒன்று சாய்ந்துவிட்டது. தாத்தா வைத்த மரம். அதிலேயே பலகை அறுத்து ஒரு சுவருக்காவது போட ஆசை. சுற்றளவு 4 அடி, நேரான அடிமரம் 8 அடி. எவ்வளவு தேறும்?

நல்ல ஆசை. தாராளமாகச் செய்யலாம், ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும்.

சுற்றளவு 4 அடியில் கால் பங்கு 1 அடி. அதை அதாலேயே பெருக்கி நீளத்தால் பெருக்கினால் 1 x 1 x 8 = 8 கன அடி. உருட்டு மரத்துக்குப் பழைய கணக்கு இதுதான். பட்டை, கோணல், ரம்பப் பொடி போக, மாமரத்தில் பாதி தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கன அடி என்பது 4 இன்ச், 1 இன்ச் பலகையில் 144 அடி. மூன்றரை இன்ச் மூடும் அகலத்துக்கு 42 சதுர அடி. பூச்சி அரித்தது, கறை பிடித்தது, வளைந்தது கழித்தால் 35 வந்தால் சந்தோஷம். சுவர் முழுக்க நினைக்காதீர்கள். பூஜை அறைச் சுவர் ஒன்று, இல்லாவிட்டால் கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் பகுதி மட்டும் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

பச்சை மாமரத்தில் பூச்சி சீக்கிரம் ஏறும், கருங்கறையும் விழும். தோப்பிலேயே கிடக்க விடாமல் உடனே அறுத்து, போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் குச்சி வைத்து அடுக்குங்கள். ஒரு கோடையாவது முழுதாகக் காயட்டும். பச்சையாக இருக்கும்போது காடி ஓட்டாதீர்கள். காய்ந்து வளைந்த பிறகு நாக்கு காடிக்குள் போகாது. அதனால் அறுக்கும்போதே அகலத்தில் 2 நூல் கூடுதலாக விட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

அரூரிலிருந்து: பழைய ஓட்டு வீட்டைப் பிரித்ததில் தேக்கு உத்திரம் இருக்கிறது. 9 அடி நீளம், 4-க்கு 5 இன்ச். 1 இன்ச் பலகை ஐந்து வருமா?

நாலுதான். ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் ஒரு நூல் தின்னும். மிஞ்சுகிற கிட்டத்தட்ட அரை இன்ச் பட்டியை ஓரப் பட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மில்லுக்குக் கொண்டு போகும் முன் ஆணி ஒன்று விடாமல் பிடுங்கிவிடுங்கள். பிளேடு போனால் அவர்களுக்கும் நஷ்டம், உங்களுக்கும் மனக்கசப்பு. காய்ந்து எத்தனையோ வருடம் ஆன மரம், கடையில் வாங்கும் எந்தப் பலகையையும்விட அடங்கி உட்காரும்.

தளியிலிருந்து: ஓட்டுக் கூரை வீடு. உள்பக்கம் முக்கோணச் சுவர், அடிப்பக்கம் 16 அடி, நடு உயரம் 5 அடி. நட்டுவாக்கில் பலகை. இதற்கு எப்படி?

192 இன்ச்சை மூன்றரையால் வகுத்தால் 55 துண்டு. ஓரத்தில் ஒன்றுமில்லாமல் தொடங்கி நடுவில் 5 அடி வரை ஏறுவதால் சராசரி இரண்டரை அடி. 137 அடி சொச்சம். ஆனால் ஒவ்வொரு துண்டின் தலையும் சாய்வாக வெட்டுப்படும். வெட்டி விழுந்த துண்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம் என்று தோன்றும். திருப்பினால் நாக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். திருப்பாமல் மறுபடி சாய்வு வெட்டித்தான் போட வேண்டும், அதில் ஒவ்வொரு முறையும் 2, 3 இன்ச் போகும். 15 சதவீதத்துக்கு மேலேயே போடுங்கள். 10 அடிப் பலகை 17. நீளத் துண்டுகளை முதலில் வெட்டி நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனால், மிச்சத் துண்டெல்லாம் ஓரத்துக் குட்டிப் பலகைகளுக்கு ஆகிவிடும்.

பென்னாகரத்திலிருந்து: சுவரில் ஜன்னல் இருக்கிறது, 4-க்கு 4. அந்த 16 சதுர அடியைக் கழிக்கலாமா?

பாதி கழியுங்கள். ஜன்னலுக்குக் கீழேயும் மேலேயும் வரும் துண்டுகள் மிச்சப் பலகையில் தேறும் என்றால் மட்டும் முழுசாகக் கழிக்கலாம். வாசற்படி மாதிரி தரை வரை திறந்திருக்கும் இடத்தைத் தயங்காமல் கழிக்கலாம்.

கிருஷ்ணகிரி டவுனிலிருந்து: வேலை முடிந்து 4 பலகை மிச்சம். கடையில் திருப்பிக் கொடுக்கட்டுமா?

இரண்டையாவது வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. நாளைக்குக் குழாய் கசிந்தோ, கரையான் ஏறியோ ஒரு பலகை மாற்ற வேண்டி வந்தால் அதே நாக்கு, அதே காடி வேறு எங்கேயும் கிடைக்காது. பரணில் படுக்கப் போட்டு வையுங்கள், சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும்.