போர்டு வரை போகாத பில்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்கள் எல்லாமே, நிரலின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே மாட்டிக்கொண்டவர்களுடையவை. எம்பெடட் லினக்ஸில், அதாவது சிறு கருவிகளின் போர்டுகளில் ஓடும் லினக்ஸில், பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: 8 கோர், 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி. போர்டுக்கான லினக்ஸைக் கட்டித்தரும் யோக்டோவில், அதன் கட்டும் கருவியான பிட்பேக்கை ஓட்டினால் மூன்று மணி நேரம் கழித்துக் கம்பைலர் ‘கில்டு’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. நிரலில் பிழையா?

இல்லை. நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலே கம்பைலரைக் கொன்றிருக்கிறது. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் கடைசி வரிகளில் அதன் பதிவு இருக்கும். 8 கோர் என்றால் பிட்பேக் ஒரே நேரத்தில் 8 வேலைகளைத் தொடங்கும். ஒவ்வொரு வேலையும் தன் பங்குக்கு 8 கம்பைலர்களைக் கூப்பிடும். நேரம் கெட்டால் மொத்தம் 64. பெரிய சி++ கோப்பு ஒன்றுக்கே 1 ஜிபிக்கு மேல் தேவைப்படலாம். யோக்டோவின் அமைப்புக் கோப்பான லோக்கல் டாட் கான்ஃபில் இந்த இரண்டு எண்களையும் இரண்டாகக் குறைத்துவிட்டு, அதே கட்டளையைத் திரும்பக் கொடுங்கள். முடிந்த வேலைகளை அது மறுபடி செய்யாது. ஆகவே கோபத்தில் டைரக்டரி முழுவதையும் அழித்துவிடாதீர்கள்.

யோக்டோவின் ஆவணம் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை 50 ஜிபி காலியிடம் போதும் என்றது. இப்போதைய பதிப்புகளுக்கு 140 ஜிபியும் 32 ஜிபி ராமும் கேட்கிறது. கணினியில் இருந்தபடியே போர்டுக்கான நிரலை உருவாக்கும் கிராஸ் கம்பைலரில் தொடங்கி ஏறக்குறைய எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்தே கட்டுவதால் இந்தப் பசி. ஆர்எம்-வொர்க் வசதியைச் சேர்த்தால், கட்டி முடித்த ஒவ்வொன்றின் இடைக்காலக் கோப்புகளையும் அதுவே நீக்கிவிடும். ஆனாலும் இந்தக் கணினியில், முதல் போர்டுக்கு, அதே வேலைக்கான சிறிய கருவியான பில்ட்ரூட்டைத்தான் நான் எடுப்பேன். சில ஜிபியில் வேலை முடிந்துவிடும். உள்ளே நடப்பதும் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: சூடோ போட்டு பிட்பேக்கை ஓட்டலாமா?

ஓடாது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக இருந்தால் அது தொடங்கவே மறுக்கும். இதற்குள் சூடோ போட்டு எதையாவது செய்திருந்தால், சவ்ன் கட்டளையால் கோப்புகளின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு சிறிய சி நிரலைக் கம்பைல் செய்து போர்டுக்கு நகலெடுத்தேன். எல்எஸ் போட்டால் கோப்பு இருக்கிறது. ஓட்டினால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்கிறது. பேய் பிடித்ததுபோல் இருக்கிறது.

எல்லோரையும் ஒருமுறை பிடித்த பேய்தான். உங்கள் நிரல் இல்லை என்று ஷெல் சொல்வதாக நாம் படிக்கிறோம். உண்மையில் காணாமல் போனது நிரலை ஏற்றிவிடும் லோடர். ஓடும்போது நூலகங்களை இணைத்துக்கொள்ளும் ஒவ்வொரு டைனமிக் நிரலுக்குள்ளும் அதன் லோடர் எங்கே இருக்கிறது என்று ஒரு பாதை எழுதப்பட்டிருக்கும். உங்கள் கணினியிலேயே ரீட்எல்ஃப் கட்டளையை மைனஸ் எல் சேர்த்து ஓட்டுங்கள். இன்டர்பிரெட்டர் என்ற வரியில் அந்தப் பாதை தெரியும். பிறகு போர்டின் லிப் டைரக்டரியைத் திறந்து, அந்தப் பெயரில் கோப்பு உண்டா என்று பாருங்கள். உபுண்டுவின் ஆர்ம் கம்பைலர், ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் லோடரைத் தேடும் நிரலை உருவாக்கும். போர்டில் ஏற்றிய இமேஜ், அதாவது முழு லினக்ஸ் தொகுப்பு, மஸ்ல் என்ற வேறொரு சி நூலகத்தோடு கட்டியதாக இருந்தால் லோடரின் பெயரே வேறு.

இதன் உறவுக்காரப் பிழைகள் இரண்டு. ‘எக்ஸெக் ஃபார்மட்’ பிழை வந்தால், பெரும்பாலும் நீங்கள் நகலெடுத்தது கணினிக்கான எக்ஸ்86 நிரல். ஜிலிப்சியின் குறிப்பிட்ட பதிப்பு கிடைக்கவில்லை என்றால், கம்பைலரோடு வந்த நூலகம் போர்டில் உள்ளதைவிடப் புதியது. மூன்றுக்கும் மருந்து ஒன்றே: இமேஜைக் கட்டிய அதே அமைப்பு தரும் கம்பைலரைப் பயன்படுத்துங்கள். யோக்டோவில் பாப்புலேட்-எஸ்டிகே என்ற வேலை இதற்காகவே இருக்கிறது.

கேள்வி: விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2இல் பில்ட்ரூட், கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத் மாறியில் இடைவெளி இருக்கிறது என்று திட்டுகிறது.

விண்டோஸின் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ செய்த வேலை. டபிள்யூஎஸ்எல் தானாகவே விண்டோஸ் பாதைகளையும் லினக்ஸ் பக்கம் கொண்டுவந்துவிடுகிறது. டபிள்யூஎஸ்எல் டாட் கான்ஃப் கோப்பில் அதை நிறுத்திவிட்டு, டபிள்யூஎஸ்எல்லை முழுவதுமாக மூடித் திறங்கள். மூலநிரலை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் ஹோம் டைரக்டரியில் வையுங்கள். வேகம் ஒரு காரணம். மற்றொன்று, பெரிய எழுத்து, சிறிய எழுத்து தவிர வேறு வித்தியாசமே இல்லாத கோப்புப் பெயர்கள் கர்னலின் நெட்ஃபில்டர் பகுதியில் உண்டு. விண்டோஸ் வட்டில் அவற்றில் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும்.

கேள்வி: உபுண்டு 22.04இல் யுஎஸ்பி சீரியல் கேபிளைச் செருகினால் சீரியல் போர்ட் தோன்றி உடனே மறைகிறது.

சிஎச்340 சிப் உள்ள கேபிளாக இருக்க வேண்டும். பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, சில பிரெயில் கருவிகளுக்கும் உள்ள அதே அடையாள எண்ணைப் பார்த்துத் தன்னுடைய கருவி என்று பிடுங்கிக்கொள்கிறது. பிரெயில் கருவி பயன்படுத்தாதவர் என்றால் அதை நீக்கிவிடலாம். இது தெரியாமல் நான் ஒரு மதியம் முழுவதும் மூன்று கேபிள்களை மாற்றி மாற்றிச் செருகினேன். அதன் பிறகும் அனுமதி இல்லை என்று வந்தால், சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் உங்களைச் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். கேபிள் 5 வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்பதை மட்டும் போர்டில் இணைப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மைக்ரோகண்ட்ரோலருக்காக வைத்திருக்கும் ‘ஆர்ம்-நன்-ஈஏபிஐ’ கம்பைலர் லினக்ஸுக்கும் ஆகுமா?

அந்த ‘நன்’ என்பதன் பொருளே இயங்குதளம் இல்லை என்பதுதான். நிரலோடு சேர்த்தே கட்டப்படும் ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்ற சிறு அமைப்புகளுக்கு அது சரி. லினக்ஸில் ஓடும் பயன்பாட்டுக்கு ஆகாது.

கேள்வி: இன்று கட்டிய அதே இமேஜை இரண்டு ஆண்டுகள் கழித்தும் கட்ட வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். கட்டும் சூழலை அப்படியே பொதிந்துவைக்கும் டாக்கர் போதுமா?

டாக்கர் கணினியைத்தான் உறைய வைக்கும். இணையத்தை உறைய வைக்காது. எனக்குத் தெரிந்த ஒரு திட்டத்தில் டாக்கர் இமேஜ் பத்திரமாக இருந்தது. டிரைவரின் மூலநிரல் இருந்த சுட்டி செத்துப்போயிருந்தது. டாக்கர் இமேஜோடு, யோக்டோவின் ரெசிபிகள் (ஒவ்வொரு மென்பொருளையும் கட்டும் குறிப்புகள்) இருக்கும் ஒவ்வொரு லேயரின் கமிட் எண்ணையும், டவுன்லோட்ஸ் டைரக்டரி முழுவதையும் சேர்த்துச் சேமியுங்கள். பிறகு பிட்பேக்கில் நெட்வொர்க்கைத் தடுக்கும் அமைப்பைப் போட்டு, காலியான பில்டு டைரக்டரியில், முன்பு கட்டியவற்றைச் சேமித்துவைக்கும் பழைய ஸ்டேட் கேஷ் இல்லாமல் ஒருமுறை கட்டிப் பாருங்கள். எந்த ரெசிபி இன்னமும் வெளியே கைநீட்டுகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.