நான் மட்டும் காலி செய்தால் என் பங்கு அட்வான்ஸ் கிடைக்குமா?

கேள்வி: அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன். பேட்டையில் நான்கு பேர் சேர்ந்து மாடியோடு கூடிய லைன் வீடு எடுத்திருக்கிறோம். வாடகை 8,000, அட்வான்ஸ் 60,000. எனக்கு விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. என் பங்கு 15,000 ரூபாயை, எல்லோரும் காலி செய்யும்போதுதான் தருவேன் என்கிறார் வீட்டுக்காரர். பெயின்டுக்கு ஒரு மாத வாடகையும் பிடிப்பாராம்.

பதில்: முதல் விஷயத்தில் அவர் சொல்வது சரிதான், தம்பி. அட்வான்ஸ் ஒரே தொகை. வீடு காலியாகிச் சாவி கைக்கு வந்தபின், ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் தந்தால் போதும். பங்கு பிரித்தது உங்களுக்குள். ஆகவே உங்கள் இடத்துக்கு வருகிறவரிடம் 15,000 வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். அவருக்குத் தெரியாமல் ஆளை உள்ளே விட்டால் அதையே சாக்காக வைத்து எல்லோரையும் கிளப்பப் பார்ப்பார்.

இங்கேதான் புரோக்கர் வருவார். 'ஆளை நான் கொண்டாரேன்' என்பார். உங்களிடமும் கமிஷன், வருகிறவனிடமும் கமிஷன். தென்காசி ரோட்டில் இந்தத் தொழிலே மாணவர்களை நம்பித்தான் ஓடுகிறது. வருகிறவர் தரும் அந்த 15,000 ரூபாயைப் புரோக்கருடைய ஜிபே நம்பருக்கு மட்டும் போடவிடாதீர்கள். பணம் நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும், வீட்டுக்காரரின் சம்மதம் அவர் கையெழுத்தில் இருக்கட்டும். 'பதினோரு மாசம்தானே, பதிவெல்லாம் வேண்டாம்' என்று ஸ்டாம்ப் பேப்பரை நீட்டுவதும் புரோக்கர்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், எத்தனை மாதமானாலும் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. ஆன்லைனிலேயே பதியலாம். இத்தனை வருஷமாகியும் ஊருக்குள் யாருக்கும் சொல்லவில்லை. சட்டம் போட்டதோடு கடமை முடிந்தது அரசாங்கத்துக்கு.

மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறதே, உங்களிடம் ஏழரை மாதம் வாங்கியிருக்கிறாரே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த வரியே 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்றுதான் ஆரம்பிக்கிறது. 60,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வரம்பைச் சொல்லி வாதாடுவது கஷ்டம். வெறும் வாய்ப்பேச்சு என்றால் கேட்டுப் பார்க்கலாம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற சட்டம் இது. அதனால் ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பெயின்ட் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சட்டத்தின் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு போன்றவைதான் உங்கள் பக்கம். வேறு விதமாக எழுதிக் கையெழுத்துப் போடாதவரை ஒரு மாத வாடகை பிடிக்க இடமில்லை.

வெளியேறும் நாளில் அறை, குளியலறை, மின் மீட்டர் மூன்றையும் போட்டோ எடுங்கள். அதுவரையான வாடகை, கரன்ட் பில் பாக்கி இல்லை என்று ஒரு தாளில் எழுதி, மற்ற மூவரின் கையெழுத்தோடு வீட்டுக்காரர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.