அப்போது இல்லாத பாலிப் இப்போது எப்படி?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் அப்பாவுக்கு கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை) செய்தபோது ஒன்றுமில்லை என்றார்கள். போன மாதம் மறுபடி செய்ததில் வலது பக்கப் பெருங்குடலில் ஒரு பாலிப். அப்போது பார்த்த டாக்டர் கோட்டை விட்டுவிட்டாரா?

பதில்: விட்டிருக்கலாம். பாலிப் என்பது குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை, பெரும்பாலும் மெதுவாக வளர்வது, அதனால் அன்றைக்கே சிறியதாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் உடனே அலட்சியம் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே நாளில் ஒருவருக்கே அடுத்தடுத்து இரண்டு முறை கொலோனோஸ்கோபி செய்து பார்த்த ஆய்வுகளில், புற்றாக மாறக்கூடிய பாலிப்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று முதல் முறை கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட பொடிசுகள். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியவை தப்புவது அதைவிட வெகு குறைவு.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், அதுவும் நேரான குழாய் இல்லை, கொசுவம் வைத்த துணி மாதிரி உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும், கேமராவோ முன்னால் இருப்பதைத்தான் காட்டும், மடிப்பின் முதுகுப்பக்கம் ஒளிந்திருப்பது தெரியாது. அப்பாவுக்கு வந்த வலது பக்கம்தான் இதில் மோசம். அங்கே தட்டையாக, குடல் சுவரின் நிறத்திலேயே, மேலே சளி போர்த்திக்கொண்டு கிடக்கும் ஒரு வகை உண்டு. பழகின கண்ணே அதைத் தாண்டிப் போய்விடும்.

டாக்டர் பக்கத்துத் தவறும் இருக்கும், மறுக்கவில்லை. கருவியைக் கடைசிவரை உள்ளே கொண்டுபோய், வெளியே இழுத்துக்கொண்டு வரும்போதுதான் நிதானமாகப் பார்ப்பார்கள். அதற்கு குறைந்தது 6 நிமிடம் என்பது பழைய அளவு, இப்போது 8 என்கிறார்கள். அவசரமாக உருவினால் தப்பத்தான் செய்யும்.

அப்புறம், சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்: அப்பா பேதி மருந்தை முழுசாகக் குடித்தாரா? முந்தின இரவு பாதி, பரிசோதனை நாள் காலையில் மீதி என்று கொடுப்பதற்குக் காரணம், இரவோடு நிறுத்தினால் காலைக்குள் வலது பக்கத்தில் மறுபடி அழுக்கு சேர்ந்துவிடும் என்பதுதான். வாய்க்குப் பிடிக்கவில்லை என்று அந்த இரண்டாவது பாதியைச் சிங்க்கில் கொட்டுகிறவர்கள் நிறைய.

சரி, பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது, பெருங்குடல் தொடங்கும் இடம் வரை கருவி போனதா, அதற்குப் படம் இருக்கிறதா? இதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இப்போது எடுத்த பாலிப்பை முழுதாக எடுத்தார்களா என்றும் கேளுங்கள், மிச்சம் விட்டால் அதே இடத்தில் திரும்ப வளரும். அடுத்த பரிசோதனை எப்போது என்பதை பயாப்ஸி (எடுத்த சதையை லேபில் சோதிப்பது) முடிவைப் பார்த்து டாக்டர் சொல்வார். தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.