பின்சீட்டில் வைத்த பை

கேள்வி: எங்கள் தெருவில் மொத்தமே பத்தொன்பது வீடுகள். எட்டு மணிக்கு மேல் நாய்கூடக் குரைக்காது. போர்ட்டிகோவில் இடமில்லாமல் போன வாரம் காரை வெளியே நிறுத்தினேன். காலையில் பார்த்தால் பின்கதவுக் கண்ணாடி உடைந்து கிடக்கிறது, லேப்டாப் பையைக் காணோம். பையில் ஆர்.சி., செக் புத்தகம், வீட்டுச் சாவி எல்லாம் இருந்தன. ஸ்டேஷனில் ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். இன்சூரன்ஸில் பணம் கிடைக்குமா? தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் மீது என் மனைவிக்குச் சந்தேகம். அவரிடம் கேட்டுவிடலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: லேப்டாப் இருக்கட்டும் ஐயா, வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டீர்களா? ஆர்.சி.யில் உங்கள் முகவரி இருக்கிறது, கூடவே சாவியும் போயிருக்கிறது. எடுத்தவன் கையில் வீட்டுக்கு வழியும் இருக்கிறது, கதவைத் திறக்கச் சாவியும் இருக்கிறது. இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் பூட்டுக்காரருக்குப் போன் செய்யுங்கள். அடுத்த போன் பேங்க்குக்கு. செக் நம்பர்களைச் சொல்லி ஸ்டாப் பேமென்ட் கொடுங்கள்.

அப்புறம் ஸ்டேஷன் விஷயம். ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதித் தராதீர்கள். தொலைந்தது என்றால் உங்கள் கவனக்குறைவு, திருடுபோனது என்றால் குற்றம். உடைந்த கண்ணாடி இருக்கும்போது தொலைந்த கதை எடுபடாது. பின்னால் இன்சூரன்ஸ்காரர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்வார். நானே 27 வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக, அதாவது சேதத்தைப் பார்த்து மதிப்பிடுகிறவனாக இருந்தவன், நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். புகாரில் லேப்டாப்பின் சீரியல் நம்பரை எழுதுங்கள், பில்லிலோ வாங்கிய அட்டைப்பெட்டியிலோ இருக்கும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாமல் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) அது 173-வது பிரிவு. பதிய மறுத்தால் மேலதிகாரிக்குப் புகாரைத் தபாலில் அனுப்பவும் அதே பிரிவில் வழி இருக்கிறது. இதைச் சண்டையாகப் போடாமல், பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

இன்சூரன்ஸ்? கார் பாலிசி காருக்குத்தான். உள்ளே இருந்த பை, லேப்டாப் எதற்கும் வராது. சொந்தப் பொருட்களுக்கென்று தனியாகக் கூடுதல் கவர் எடுத்திருந்தால் மட்டும் கேட்டுப் பார்க்கலாம். கண்ணாடிக்கு வரும். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ஆனால் 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1000 ரூபாய் உங்கள் தலையில், அதற்கு மேல் என்றால் 2000. போதாததற்கு நோ கிளைம் போனஸும் (கிளைம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போகும். ஐந்து வருடம் கிளைமே இல்லாமல் 50 சதவீதம் வரை ஏற்றி வைத்திருந்தால், ஒரே ஒரு கதவுக் கண்ணாடிக்காக அதை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. போனஸைக் காக்கும் கவர் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கைக்காசைப் போட்டு மாற்றிவிடுங்கள்.

இதெல்லாம் காசு சமாச்சாரம். இஸ்திரிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன்.

1997-ல் என் மாருதி 800-லிருந்து ஸ்டீரியோவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் ஸ்டீரியோவின் முகப்பை மட்டும் தனியாகக் கழற்றி, கல்யாண வீட்டுக்குள்ளும் கையில் பிடித்துக்கொண்டு போவோம், ஞாபகம் இருக்கும். அன்று நான் கழற்றவில்லை. விடிகாலையில் தெருவுக்கு வருகிறவன் பால் ஊற்றும் பையன் ஒருவன்தான் என்பதால், அவனை நிறுத்தி, “தம்பி, நீ ஏதாவது பார்த்தியா?” என்றேன். கேட்டது அவ்வளவுதான், கேட்ட தொனிதான் வேறு. மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. அவன் அம்மா வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் நின்று இரண்டு வார்த்தை பேசுவார், எங்கள் வாசலில் மட்டும் பாலை ஊற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் போவார். ஸ்டீரியோ கிடைக்கவே இல்லை. யார் எடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உங்கள் தெருவில் பகல் முழுக்க வெளியே நிற்கிற மனிதர் அந்த இஸ்திரிக்காரர் ஒருவர்தான். பத்தொன்பது வீடும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறது. அந்த அமைதிதான் வந்தவனுக்கு வசதி. பின்கதவுக் கண்ணாடி முன்கண்ணாடி மாதிரி விரிசல் விட்டு நிற்காது, ஒரே தட்டில் பொலபொலவென்று கொட்டிவிடும். பக்கத்து வீட்டில் டி.வி. ஓடினாலே அந்தச் சத்தம் கேட்காது. அதனால் உங்கள் மனைவியிடம் சொல்லி, அவரைச் சாட்சியாக மட்டும் நினைத்துப் பேசச் சொல்லுங்கள்: “அண்ணே, நீங்க வண்டியை மூடிட்டுப் போறப்ப புதுசா யாராச்சும் சுத்திட்டு இருந்தாங்களா?” எதிர்வீட்டு கேமராவையும் இன்றைக்கே கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். நாளாக நாளாக உங்கள் ராத்திரி அழிந்துகொண்டே வரும்.

ஆர்.சி. நகலுக்குப் படிவம் 26 கொடுக்க வேண்டும். கிடைத்த பிறகு அசல் வீட்டிலேயே இருக்கட்டும், போனில் டிஜிலாக்கரில் காட்டினால் போதும்.

புதுக் கண்ணாடி போடும்போது கதவின் உள்பலகையைக் கழற்றி உள்ளே விழுந்த துகள்களை எடுக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் சீட்டை மட்டும் வேக்குவம் செய்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் கதவைச் சாத்தும்போதெல்லாம் சலங்கை கட்டிய மாதிரிச் சத்தம் வரும், கண்ணாடியும் பாதியில் சிக்கும்.